கொசுப்புழு செக் பண்ண வர்றவங்களை வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு சொல்லலாமா?

ஊர்ல_அம்மா:

வணக்கம்ங்க. ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், எழுதறது இதுதான் மொத தடவை, நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

நான் வேலை பாக்கறது பெங்களூர்ல. அம்மா ஊர்ல தனியா இருக்குது, 67 வயசு. ஊர் பேர் வேண்டாம், கொங்குப் பக்கம் ஒரு டவுனுன்னு வெச்சுக்கோங்க, குழாய்த்தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா வர்ற டவுனு. போன மாசம் எங்க வீதியில ரெண்டு குழந்தைகளுக்கு டெங்கு வந்துச்சு. அதுல இருந்து வாராவாரம் ஆளுங்க வந்து வீடு வீடா தொட்டி டிரம்முல டார்ச் அடிச்சு பாத்து அபேட் மருந்து ஊத்திட்டு போறாங்க. அதுவரைக்கும் எனக்கு ஒண்ணுமில்லைங்க, நல்ல வேலைதானே, வரட்டும்னுதான் நானும் சொன்னேன்.

போன வியாழக்கிழமை வந்தது ரெண்டு பசங்க. அம்மா அப்பத்தான் குளிச்சுட்டு தலைய துவட்டிட்டு நிக்குது. கேட்டைத் திறந்ததும் ஒரு வார்த்தை கேக்காம நேரா பின்னாடி பாத்ரூம் பக்கம் போயிட்டாங்க. அங்க ஒரு நீல டிரம்மு, அதுல புழு இருந்துச்சு. ஆமாங்க, இருந்துச்சு, அதை நான் மறைக்கல. போட்டோ எடுத்தாங்க, டிரம்மைக் கவுத்து தண்ணி மொத்தத்தையும் கொட்டினாங்க, சுவத்துல சாக்பீஸ்ல தேதி எழுதிட்டு கிளம்பிட்டாங்க. சாயங்காலம் பாத்தா அந்த போட்டோ எங்க வீதி வாட்ஸ்அப் குரூப்ல, கதவு நம்பரோட, "இந்த வீட்டில் டெங்கு கொசு உற்பத்தி"ன்னு. டிரம்முக்கு மேல கொடியில அம்மாவோட உள்பாவாடை தொங்கறது வரைக்கும் தெரியுது.

அம்மா மூணு நாளா வாசலுக்கு வரல. வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா மாரியம்மன் கோயிலுக்கு போகாம இருக்காது, போகல. குழந்தைய ஆஸ்பத்திரியில வெச்சிருக்கற பொண்ணு வேற "உங்க டிரம்முல இருந்துதானா அத்தை வந்துச்சு"ன்னு கேட்டுச்சாம். அதுக்கு அம்மா என்ன சொல்லும்.

இப்ப என் கேள்வி. அடுத்த வாரம் வந்தா கேட்டைத் திறக்காதன்னு அம்மாகிட்ட சொல்லலாம்னு இருக்கேன். சட்டப்படி அவங்களுக்கு உள்ள வர அதிகாரம் இருக்கா? அண்ணன் என்னடான்னா "கொரோனாவுல ஊரே வாயை மூடிட்டு கேட்டுச்சு, நீ ஒரு டிரம்முக்கு உரிமை பேசறியா"ன்னு சிரிக்கறான். நான் பேசறது தப்பா?

டார்ச்லைட்_அக்கா:

தங்கச்சி, நான் மதுரைப் பக்கம் ரெண்டு சீசன் இந்த வேலை பாத்தவ, டிபிசின்னு (டொமெஸ்டிக் ப்ரீடிங் செக்கர்) சொல்லுவாங்கெ, தினக்கூலிதான். அதனால எங்க பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிக்கிறேன்.

காலைல இருந்து கேட்டு கேட்டா தட்டுவோம். பாதி வீட்ல "நாளைக்கு வா". நாய அவுத்து விட்டவங்க உண்டு, எம்பூட்டு வெயில்னாலும் ஒரு சொம்பு தண்ணி தரமாட்டாங்க, அபார்ட்மெண்ட்ல வாட்ச்மேனைத் தாண்டவே முடியாது. எல்லாரும் சொல்றது ஒண்ணேதான், "எங்க வீடு சுத்தமா இருக்கு, போயி சாக்கடைய பாருங்க". அய்யா இந்தக் கொசு சாக்கடையில முட்டை போடாது, நல்ல தண்ணிலதான் போடும். நான் புழு எடுத்த எடத்தையெல்லாம் சொன்னா சிரிப்பீங்க, ஃபிரிட்ஜுக்கு பின்னாடி தண்ணி வடியுற தட்டு, ஏர்கூலரு, மணிபிளாண்ட் வெச்ச பாட்டிலு, மழையில நனைஞ்ச ஆட்டுக்கல்லு குழி, மொட்டைமாடில கெடக்குற டயரு. ஃபிரிட்ஜ் தட்டு இருக்குன்னே முக்காவாசி பேருக்கு தெரியாது.

போட்டோ விசயம் சொல்றேன். அத உங்கம்மாவ அசிங்கப்படுத்த எடுக்கல. மேல இருக்கவரு குரூப்ல லொக்கேசனோட போட்டோ போடலைன்னா அன்னிக்கு வேலைக்கே போகலைன்னு ஆயிரும், சம்பளத்துல கை வெச்சிருவாங்க. அந்த போட்டோ அந்த குரூப்போட நிக்கணும். வீதி குரூப்புக்கு தள்ளிவிட்டவன் எவனோ அவனத்தான் கேக்கணும், அது சுத்தமான தப்பு. ரெண்டு பசங்கள தனியா இருக்க பொம்பளை வீட்டு பாத்ரூமுக்குள்ள அனுப்புனதும் தப்பு, எங்க டீம்ல வாசல்ல நின்னு "உள்ள வரலாமா அம்மா"ன்னு கேட்டுட்டு பொம்பளையாளுதான் உள்ள போவோம்.

தண்ணியக் கொட்டினாங்க பாருங்க, அதுதான் எனக்கு வயித்தெரிச்சலு. எட்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி விட்டா சனம் புடிச்சு வெக்காம என்ன செய்யும்? நாங்க வேட்டித்துணில வடிகட்டி ஊத்திட்டு துணியக் கட்டி மூடச் சொல்லுவோம். அப்புறம் ஒண்ணு, அம்மாகிட்ட சொல்லுங்க, தண்ணிய மாத்துனா மட்டும் பத்தாது. முட்டை டிரம்மோட உள்பக்கச் சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும், காஞ்சாலும் மாசக்கணக்குல சாகாது, திரும்ப தண்ணி பட்டா பொரிச்சிரும். தேங்கா நார் போட்டு உள்பக்கம் நல்லா தேய்க்கணும், வாரத்துக்கு ஒருநா. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாளு ஆகும், அதுக்குத்தான் வாரக்கணக்கு.

ப்ளேட்லெட்_அப்பா:

மன்னிச்சிருங்க, எனக்கு இந்த உரிமைப் பேச்செல்லாம் கேட்டாலே பத்திக்கிட்டு வருது.

என் பையனுக்கு 9 வயசு. போன வருஷம் நாலு நாள் காய்ச்சல், அஞ்சாவது நாள் காய்ச்சல் விட்டிருச்சு, நானும் என் மனைவியும் அப்பாடான்னு உக்காந்தோம். டெங்குல காய்ச்சல் விடுற நேரம்தான் ஆபத்தான நேரம்னு எங்களுக்கு யாரு சொன்னா? சாயந்திரம் கை காலெல்லாம் ஜில்லுனு ஆயிருச்சு, வயித்து வலின்னு சுருண்டு படுத்துட்டான். நாலு ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவுல, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்க வருவாங்க, அவன் கைய இழுத்துக்குவான், நான் புடிச்சுக்கணும். எங்க பக்கத்து வீட்டுக்காரர் மூணு வாரமா செக்கிங் ஆளுங்கள உள்ள விடல. "ப்ரைவசி"யாம். அவர் மாடில வாஷ்பேசின் ஒண்ணு கழட்டிப் போட்டு மழைத்தண்ணி நெறஞ்சு கெடந்தது எல்லாருக்கும் தெரியும். இந்தக் கொசு ரொம்ப தூரம் பறக்காதுங்க, சில நூறு மீட்டர்தான். அப்ப என் புள்ளைய கடிச்சது எங்க தெருக் கொசுதானே?

2012லயும் 2017லயும் தமிழ்நாட்டுல அறுபது பேருக்கு மேல டெங்குல செத்தாங்க, அரசு கணக்கே அவ்வளவு. உங்க அம்மா மூணு நாள் வெளிய வரல. நான் நாலு நாள் தூங்கல. கேட்டைத் திறங்க, அவ்வளவுதான் சொல்லுவேன்.

ஊர்ல_அம்மா:

உங்க பையன் நல்லா இருக்கானுங்களா இப்ப? படிக்கவே கஷ்டமா இருந்துச்சு. புழு இருந்தது தப்புன்னு அம்மாவே சொல்லுதுங்க, நான் அதுக்கு சண்டை போடல. வந்தவங்க வந்த விதத்துக்குத்தான் கேக்கறேன். அபேட் ஊத்துங்க, ஃபைன் போடுங்க, கட்டறோம். போட்டோ எதுக்கு ஊருக்கு?

பழைய_வாய்தா:

சட்டம் கேட்டதால எனக்குத் தெரிஞ்ச அளவுல சொல்றேன், முப்பது வருஷம் கோர்ட்டு படி ஏறின பழக்கம்.

உள்ள வர அதிகாரம் இருக்கு. 1939ல மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, அதுதான் இன்னைக்கும் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம். அதுல கொசு ஒழிப்புக்குன்னே தனி அத்தியாயம் இருக்கு. வீட்டுல கொசு உற்பத்தியாகாம பாத்துக்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு, சுகாதாரத் துறை ஆள் வந்து பாக்கலாம், சரி பண்ணச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். அதனால கேட்டைத் திறக்கமாட்டேன்னு அடம்புடிச்சா அது உங்களுக்குத்தான் வம்பு. ஆனா உள்ள வர அதிகாரம் கொடுத்த சட்டம் ஊருக்கு போட்டோ காட்ட அதிகாரம் கொடுக்கல. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017ல சுப்ரீம் கோர்ட்டு ஒன்பது நீதிபதிகள் சேந்து சொல்லியாச்சு. அதுல கை வெக்கணும்னா சட்டம் இருக்கணும், நியாயமான நோக்கம் இருக்கணும், தேவைக்கு மேல போகக்கூடாது. டிரம்மைப் பாக்கறது தேவை. கொடித்துணி எதுக்குத் தேவை?

கொரோனாவுல வீட்டு வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டினாங்களே, அந்த விவகாரம் கோர்ட்டுக்குப் போய் 2020 டிசம்பர்ல, உரிய அதிகாரி பேரிடர் சட்டத்துல தனியா உத்தரவு போட்டாலொழிய ஒட்டக்கூடாதுன்னு ஆச்சு. தடுப்பூசி வழக்குலயும் 2022 மே மாசத் தீர்ப்பு இதே தராசுதான். யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, ஆனா பொது நலனுக்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம், போட்டா அது அந்த நேரத்து நிலைமைக்குப் பொருந்தணும்னு சொன்னாங்க. நோய் குறைஞ்சதும் கட்டுப்பாடும் குறையணும். அதைத்தான் நம்ம ஆளுங்க மறந்துடறாங்க, போட்ட பேரிகேடை எடுக்க யாருக்கும் ஞாபகம் வராது.

அண்ணன் சிரிச்சாருன்னு சொன்னீங்களே, அவருக்கு 1897 புனே கதைய சொல்லுங்க. பிளேக் வந்துச்சு, தொற்றுநோய்ச் சட்டம்னு நாலே நாலு பிரிவுல ஒரு சட்டம் போட்டாங்க. பிளேக் கமிட்டித் தலைவரா இருந்த வெள்ளைக்கார அதிகாரி ரேண்ட் சோல்ஜருங்கள வீடு வீடா அனுப்பினார். பூஜை அறை வரைக்கும் பூட்ஸ் காலோட போனாங்க, பொம்பளைங்கள சோதிச்சாங்க, சாமானத்தைத் தெருவுல போட்டுக் கொளுத்தினாங்க, ஆளைப் புடிச்சு முகாமுக்கு அனுப்பினாங்க. பிளேக் நிஜம்தான், கொத்துக் கொத்தா செத்துக்கிட்டுதான் இருந்தாங்க. ஆனா ஜனங்க பிளேக்கை விட சோல்ஜருக்குப் பயந்து நோயாளிய ஒளிச்சு வெச்சாங்க. ஜூன் 22 ராத்திரி சாபேகர் சகோதரர்கள் ரேண்டைச் சுட்டாங்க, தன்னோட கேசரி பத்திரிகையில எழுதினதுக்காக திலகருக்கு 18 மாசம் ஜெயில் தண்டனை போட்டாங்க. வேடிக்கை என்னன்னா 2020ல நம்ம நாட்டுல தூசி தட்டி எடுத்ததும் அதே 1897 சட்டம்தான்.

தகரம்_அடிச்ச_வீடு:

வாய்தா சார் சொன்ன ஸ்டிக்கரு, என் வீட்லயும் ஒட்டுனாங்க. ஸ்டிக்கரோட விட்டாங்களா, வாசல்ல தகரமும் அடிச்சாங்க.

2020 ஜூன், சென்னை, எங்க அப்பாவுக்கு பாசிட்டிவ். அவர ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்ப தெருவே மொட்டைமாடில நின்னு வீடியோ எடுத்துச்சு. அரைமணி நேரத்துல தகரம் வந்துச்சு. நாங்க நாலு பேரு உள்ள. பால் பாக்கெட்ட தகரத்துக்கு மேல தூக்கிப் போடுவாங்க, ஒருநாள் ஒடஞ்சு படியெல்லாம் ஓடுச்சு, அத தொடைக்கக்கூட வெளிய வர முடியல, எறும்பு மொய்ச்சுது. நெருப்பு புடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்போம்னு இன்னிக்கும் நெனைப்பேன். தனியா இருங்கன்னா இருந்திருப்போம்ங்க, எங்களுக்கு மட்டும் ஆசையா அடுத்தவனுக்கு பரப்பணும்னு? அரிசியும் மாத்திரையும் வீட்டுக்கு வந்துருந்தா ஒரு மாசம் கூட இருந்திருப்போம்.

எங்க பாட்டி அப்ப சொன்னது, "அம்மை போட்டா நாமளே வாசல்ல வேப்பிலை சொருகுவோம், ஒருத்தன் உள்ள வரமாட்டான், நாமளும் வெளிய போகமாட்டோம், தாளிக்கக்கூட மாட்டோம், தலைக்கு தண்ணி ஊத்துற வரைக்கும் அப்படித்தான். ஆனா அந்த வீட்டை யாரும் கேவலமா பாக்கமாட்டாங்க, ஆத்தா வந்திருக்கான்னு கும்பிட்டுட்டு போவாங்க." இதுவும் வாசல்ல வெக்கற அடையாளம்தான், அதுவும் வாசல்ல வெக்கற அடையாளம்தான். வேப்பிலைய நாம வெச்சோம், தகரத்தை அவன் வெச்சான்.

கவர்மெண்ட மட்டும் சொல்லி பிரயோஜனம் இல்ல. அதே வருஷம் ஏப்ரல்ல கொரோனாவுல எறந்துபோன டாக்டர் உடம்ப அடக்கம் பண்ண விடாம கல்லெடுத்து அடிச்சது போலீஸ் இல்ல, சென்னை ஜனம்தான். சாத்தான்குளத்துல கடைய நேரத்துக்கு மூடலன்னு கூட்டிட்டுப் போன அப்பாவும் மகனும் திரும்ப வரவே இல்ல, அது போலீஸ் கஸ்டடி. ரெண்டும் அதே கொரோனா பேர சொல்லித்தான் நடந்துச்சு. உங்க வாட்ஸ்அப் போட்டோ சின்ன விஷயம்தான், ஆனா அதே ரோட்லதான் இருக்கு.

ஊசிப்போன_சட்னி:

பூட்டின வீட்டு மாடில இருக்கற தொட்டிய யாரு பாக்கறாங்கன்னு ஒருத்தரும் பேசலையே. திறந்த வீட்டுல கெழவிய மெரட்டுறது ஈசி.

தேக்கா_தம்பி:

சட்னி அண்ணே, சிங்கப்பூர்ல பூட்டின வீட்டையும் விடமாட்டாங்க. மொதல்ல நோட்டீஸ் ஒட்டுவாங்க, பதில் இல்லைன்னா பூட்டு திறக்கற ஆளைக் கூட்டிட்டு வந்து திறந்து பாப்பாங்க, சட்டத்துல எடம் இருக்கு. புழு இருந்தா வீட்டுக்காரருக்கு 200 வெள்ளில (சிங்கப்பூர் டாலர்) இருந்து ஃபைன். என் வீட்டுக்கும் வந்தாங்க, பூந்தொட்டி தட்டை கவுத்துப் பாத்துட்டு தேங்க்யூன்னுட்டு போயிட்டாங்க. ஆனா இங்க குழாயைத் திறந்தா 24 மணி நேரமும் தண்ணி வரும், டிரம்மே தேவையில்ல, அதையும் சொல்லணும்ல.

கிழக்குக்_கரை_பிள்ளை:

நான் இலங்கையில இருந்து, அம்பாறைப் பக்கம். எங்கட ஆக்களுக்கு டெங்கு புதுசில்ல. 2017ல மட்டும் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல காய்ச்சல், நானூறு பேருக்கு மேல மௌத்து. பீஎச்ஐமார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) பொலிஸையும் கூட்டிக்கொண்டு வளவு வளவா வருவாங்க, சிரட்டை, யோகட் கப், கூரைப் பீலி எல்லாம் பாப்பாங்க, குடம்பி இருந்தா கோட்டுக்குப் போய் தண்டம் கட்டணும். உம்மா ஏசிக்கொண்டே வளவு கூட்டுவா, ஆனா விடமாட்டன் எண்டு ஒருநாளும் சொன்னதில்ல. ஏனெண்டா ஏன் பாக்கிறாங்க எண்டு அவவுக்கு விளங்கும், எல்லா வளவையும் ஒரே மாதிரித்தான் பாப்பாங்க எண்டும் தெரியும்.

அதே உம்மா கொரோனா நேரம் ஆஸ்பத்திரிக்குப் போகவே மாட்டன் எண்டு நிண்டா. 2020 ஏப்ரல்ல வர்த்தமானி (கெசட்) அடிச்சு, கொரோனாவுல மௌத்தான எல்லாரையும், புதைக்கிற வழக்கமுள்ள எங்கட முஸ்லிம் ஆக்களையும், எரிக்கத்தான் வேணும் எண்டு சொல்லிட்டாங்க. புதைச்சா நிலத்தடித் தண்ணி கெட்டுப்போகும் எண்டு காரணம். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம், எரிக்கலாம், ரெண்டும் சரி எண்டு சொல்லிக்கொண்டிருக்கு, இவங்க கேக்கல்ல. பிறந்து 20 நாள் ஆன ஒரு பிள்ளையையும் எரிச்சாங்க. அதுக்குப் பிறகுதான் பொரளை மயானத்து வேலியில சனம் வெள்ளைத் துணி கட்டினது. மௌத்தான ஆக்களைச் சுத்துற கபன் துணி கூட இல்லாம போன பிள்ளைக்காக. ஊர்ல காய்ச்சல் வந்த ஆக்கள் டெஸ்டுக்குப் போகாம வீட்டுக்குள்ள ஒளிச்சுக் கிடந்தாங்க, மௌத்தானா எரிச்சிருவாங்க எண்ட பயத்துல. அதால நோய் கூடினதா குறைஞ்சதா எண்டு நீங்களே யோசியுங்க.

2021 பெப்ரவரியில மாத்தினாங்க, பிறகு ஓட்டமாவடியில மட்டும் அடக்க விட்டாங்க. 2024ல அமைச்சரவை மன்னிப்புக் கேட்டிச்சு. எரிச்சது எரிச்சதுதான்.

அதால சகோதரி, கேட்டைத் திறங்க எண்டுதான் நானும் சொல்லுவன். ஆனா ஏன், எதுக்கு எண்டு கேக்கிற வாயை மூடவேணாம்.

ப்ளேட்லெட்_அப்பா:

பையன் நல்லா இருக்கான், கேட்டதுக்கு நன்றி. நேத்து கோவத்துல எழுதிட்டேன். எழுதினதை வாபஸ் வாங்கல, ஆனா எட்டு நாள் தண்ணி விஷயம் எனக்குத் தோணவே இல்ல, எங்க வீட்டுல போர்வெல் இருக்கு. அந்த போட்டோவ டெலீட் பண்ணச் சொல்லி அட்மினுக்கு எழுதுங்க, மொதல்ல அத பண்ணுங்க. அப்புறம் அந்தக் குழந்தைங்களுக்கு கொசுவலை கட்டியிருக்காங்களான்னு கேளுங்க. காய்ச்சல்ல இருக்கற ஆள் பக்கத்துல போனா ஒட்டாது, ஆனா அவங்கள கடிச்ச கொசு அடுத்தவங்கள கடிச்சாதான் பரவும். பகல்ல கடிக்கற கொசு, பகல்லயும் வலை வேணும். இது எங்களுக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது.

ஊர்ல_அம்மா:

எல்லாருக்கும் நன்றிங்க. சனி ஞாயிறு ஊருக்குப் போயிட்டு வந்தேன், நடந்ததைச் சொல்றேன்.

குரூப் அட்மின் எங்க ரேஷன்கடை அண்ணன்தான். போட்டோவ எடுத்துட்டாரு, "நல்லதுக்குத்தான் போட்டேன் கண்ணு"ன்னாரு, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. அவருக்கு யாரு அனுப்பினாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லல. ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன், பொம்பளையாளு ஒருத்தரை கூட அனுப்புங்க, போட்டோ எடுத்தா டிரம்மை மட்டும் எடுங்க, தண்ணிய கொட்டாதீங்கன்னு. வாங்கி வெச்சுக்கிட்டாங்க, சீல் போட்டுக் கொடுத்தாங்க.

திங்கக்கிழமை காலைல நான் பஸ் ஏறதுக்கு முன்னாடியே அந்த ரெண்டு பசங்களும் வந்துட்டானுங்க, மனு போன வேகம் அப்படி போல. பொம்பளையாளு யாரும் வரல. நான் கேட்டுக்கிட்ட போகறதுக்குள்ள அம்மாவே போயி திறந்துருச்சு. "வாங்க சாமி, போனு ரெண்டையும் அந்தத் திண்ணையில வெச்சுட்டு வாங்க"ன்னுச்சு. ஒருத்தன் முழிக்கறான், அம்மா நகரவே இல்ல. வெச்சானுங்க. டிரம்ம நானும் அம்மாவும் முந்தின நாளே தேங்கா நார் போட்டு தேச்சு வேட்டித்துணி கட்டியிருந்தோம், டார்ச்லைட் அக்கா சொன்ன மாதிரியே, ஃபிரிட்ஜ் தட்டையும் இழுத்துப் பாத்தேன், அழுக்குதான் இருந்துச்சு. பாத்துட்டு தலையாட்டினானுங்க. வேணும்னா இப்ப எடுத்துக்கோன்னு அம்மாவே போனைக் கொண்டு வரச் சொல்லி, டிரம்மு பக்கத்துல நின்னு அது ஒரு போட்டோ எடுத்துக்குச்சு.

அப்புறம் அம்மா அவனுங்கள பின்பக்கம் கூட்டிட்டுப் போச்சு. எங்க சுவத்தை ஒட்டி ஒரு வீடு, வீட்டுக்காரங்க துபாய்ல, ரெண்டு வருசமா பூட்டு. மாடில சின்டெக்ஸ் டேங்குக்கு மூடி இல்லாம கிடக்குது, அம்மா மூணு தடவை சொல்லியிருக்குதாம். பையன் பாத்துட்டு "பூட்டுன வீடு பாட்டி, நாங்க என்ன பண்றது, லிஸ்ட்ல பூட்டுன்னு எழுதிக்கறோம்"ன்னான். எழுதிக்கிட்டு அடுத்த வீட்டுக்கு போயிட்டானுங்க.

வாய்தா சார், இதுக்கு நம்ம சட்டத்துல என்னங்க இருக்குது?